வேளாண்மை வெட்டில் கண்ணுக்குள் சுணை போனால்: முதல் நாளும் வீட்டுப் பராமரிப்பும்

மாசி, பங்குனியில் தம்பிலுவில் வயற்கண்டங்களில் பெரும்போக வேளாண்மை வெட்டு நடக்கும்போது கண் காயப்படும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். வெட்டு மெசினுக்குப் பக்கத்தில் சாக்குப் பிடிப்பவரின் கண்ணிலோ வைக்கோல் அள்ளுபவரின் கண்ணிலோ ஒரு சுணை, ஒரு பதர், ஒரு தாள் நுனி படுகிறது. அவர் தோளில் கிடந்த துவாயால் கசக்குகிறார். வாய்க்காலில் முகம் கழுவுகிறார். வேலை முடியும்வரை நிற்கிறார். இரவில் கண் கரகரக்கிறது. "விடிஞ்சாச் சரியாப்போகும்" என்று படுக்கிறார். விடிந்தும் சரியாகவில்லை, ஆனால் அன்றைக்கும் வெட்டு இருக்கிறது. வீட்டில் ஒருவர் தாய்ப்பால் விடச் சொல்கிறார், இன்னொருவர் பாமசியில் ஒரு சொட்டு மருந்து வாங்கி வருகிறார். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்த பிறகே வைத்தியசாலைப் பேச்சு வருகிறது. கத்தி பட்டாலோ தூண்டில் முள் ஏறினாலோ எந்தக் குடும்பமும் இப்படிக் காத்திருக்காது. சின்னக் கீறலைக் கண்டு யாரும் பயப்படாததுதான் அந்தக் கீறலின் ஆபத்து.

இந்த அத்தியாயம் அந்த வீட்டில் காயப்பட்டவருக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு. கண்ணில் காயம் பட்டால் எந்த வரிசையில் எதைச் செய்வது, எதைத் தொடவே கூடாது, வைத்தியசாலையிலிருந்து மருந்தோடு திரும்பியவரை இரவும் பகலும் எப்படிப் பார்ப்பது என்பவை மட்டும் இதில் உண்டு. நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்தைத் தெரிவதும் உங்கள் வேலை அல்ல.

முதல் நாள் ஏன் இவ்வளவு முக்கியம்

கருவிழியின் முன்பக்கம் கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதற்கு ஒரு காரணம் அதில் இரத்தக் குழாய் இல்லாதது. மேல்தோல் மட்டும் உரிந்தால் ஓரிரு நாளில் தழும்பில்லாமல் மூடிக்கொள்ளும். மூடுவதற்குள் அந்தக் கீறல் வழியே கிருமி இறங்கினால் புண்ணாகும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும், பார்வைக்கு நேரே நின்றால் அதுவே திரை. தெரிந்திருக்க வேண்டிய தத்துவம் இவ்வளவுதான்.

சான்றுகளைப் பார்ப்போம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பற்றிய ஆய்வில், 284 பேருக்கு அதற்கு முன் கண்ணில் காயம் பட்டிருந்தது. நூற்றுக்கு 65 பேர். கிருமி வளர்ந்த 297 பேரில் 140 பேருக்குப் பற்றீரியா மட்டும், 139 பேருக்குப் பங்கசு மட்டும் இருந்தது. அதாவது ஏறக்குறையச் சரிபாதி பங்கசு. வயல் வேலை செய்யும் எங்கள் பக்கத்து மக்களுக்கு இந்தச் சரிபாதி முக்கியமான செய்தி. தாவரத் துண்டோடு கண்ணுக்குள் போகும் பங்கசு மெல்ல வளரும், முதல் சில நாள் பெரிதாக வலிக்காமலும் இருக்கலாம், பற்றீரியாவுக்கான சொட்டு மருந்துக்கு அடங்காது.

அடுத்த சான்று நேபாளத்தின் பக்தபூர் மாவட்டத்தைச் சேர்ந்தது, 2001-இல் வெளிவந்தது. கண்ணில் கீறல் பட்ட 442 பேருக்கு, பயிற்சி பெற்ற கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்கள் குளோரம்பெனிக்கோல் களிம்பை நாளுக்கு மூன்று தடவையாக மூன்று நாள் போட்டார்கள். காயம் பட்டு 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கு வந்தது. ஒரு நாள் கடந்து, இரண்டு நாளுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது. மருந்து எல்லோருக்கும் ஒன்றே. அவர்களைப் பிரித்தது வந்த நேரம்.

இதற்கு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. பிந்தி வந்தவர்கள் கண் மோசமாகிவிட்டதால்தான் வந்திருப்பார்கள். தானாக ஆறியவர்கள் வராமலே இருந்திருப்பார்கள். ஆகவே நேரத்தின் பங்கை இந்த எண்கள் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். அதோடு, நேபாளத்திலேயே கிராமங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்தி 2022-இல் வெளியான பெரிய ஆய்வில், கண் தொண்டர்களை நியமித்த கிராமங்களில் கருவிழிப் புண்ணின் எண்ணிக்கை குறையவில்லை. இரண்டையும் ஒப்புக்கொண்ட பிறகும் வீட்டாருக்கான முடிவு மாறாது என்பது என் கருத்து. ஊர் முழுவதற்கும் ஒரு திட்டம் பலன் தருகிறதா என்பது ஒரு கேள்வி. உங்கள் முன் கண் சிவந்து இருப்பவர் இன்றைக்குப் போவதா நாளைக்குப் போவதா என்பது வேறு கேள்வி. இன்றைக்கே போய், ஒன்றுமில்லை என்று திரும்பினால் போவது அரை நாள் கூலி. நாளைக்குப் போய்ப் புண் என்று தெரிந்தால் வாரக்கணக்கில் மருந்து, கிளினிக், பயணம், அதற்கு மேலும் நிற்கும் தழும்பு. இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் நட்டம் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

கண்ணைப் பார்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

வரிசை மாறாமல் கேளுங்கள்.

1. சுண்ணாம்பு, சீமெந்து, பட்டரித் தண்ணீர், வயலுக்கு அடிக்கும் மருந்து, மரப்பால் ஏதாவது பட்டதா? ஆம் என்றால் மற்றக் கேள்விகளை விட்டுவிட்டு உடனே கழுவத் தொடங்குங்கள்.

2. கூரான பொருள் குத்தியதா? இரும்பை இரும்பால் அடிக்கும்போது, கிரைண்டர் பிடிக்கும்போது, வெடி வெடிக்கும்போது ஏதாவது பறந்து வந்ததா? ஆம் என்றால் தண்ணீர், மருந்து, விரல் மூன்றும் கண்ணுக்குக் கிட்டப் போகக்கூடாது.

3. இரண்டும் இல்லை, தூசோ சுணையோ பட்டு உறுத்துகிறதா? மெதுவாகக் கழுவி, அன்றைக்கே காட்டுங்கள்.

குழப்பமாக இருந்தால்? பட்டரி வெடித்த கண்ணில் அமிலமும் பிளாஸ்டிக் துண்டும் சேர்ந்தே போயிருக்கலாம். அப்போது இரசாயனத்துக்கே முதலிடம். அழுத்தாமல், இமையை வலிந்து இழுக்காமல், மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கொண்டுபோங்கள்.

சுண்ணாம்பும் மரப்பாலும்: தண்ணீர், உடனே, நிறைய

வெற்றிலைத் தட்டம் இல்லாத வீடு எங்கள் கரையோரத்தில் குறைவு. சுண்ணாம்பு டப்பியைக் கையில் வைத்து அமுக்கும் பிள்ளையின் கண்ணில் அது தெறிப்பது நடக்கக்கூடிய விபத்து. அமிலம் பட்டால் கண்ணின் மேற்பரப்பு வெந்து, அந்த வெந்த பகுதியே ஓரளவு தடுப்பாக நிற்கும். சுண்ணாம்பு போன்ற காரம் அப்படி நிற்காது, உள்ளே உள்ளே இறங்கும். ஆகவே வாகனம் தேடும் நேரத்தையும் கழுவும் நேரமாக்க வேண்டும்.

1. கிணறு, பைப், குடிதண்ணீர்ப் போத்தல் எது கிட்டவோ அதை எடுங்கள். கொதித்தாறிய தண்ணீருக்காகவோ வைத்தியசாலைச் சேலைனுக்காகவோ காத்திருக்கக் கூடாது.

2. ஆளைப் படுக்க வையுங்கள். காயப்பட்ட கண் கீழ்ப்பக்கமாக வரும்படி தலையைச் சாய்த்தால், கழுவிய தண்ணீர் நல்ல கண்ணுக்குள் ஓடாது. பிள்ளை என்றால் துவாயால் கைகளோடு சுற்றி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

3. கண் தானாக இறுகி மூடும். சுத்தமான துணியை விரலில் சுற்றி இமைகளைப் பிரித்துப் பிடியுங்கள்; வெறும் விரல் வழுக்கும்.

4. மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாக, ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். கண்ணை மேலே, கீழே, இரு பக்கமும் உருட்டச் சொல்லுங்கள்.

5. கடிகாரத்தைப் பார்த்து 30 நிமிடம். ஒரு குவளை ஊற்றிவிட்டு "கழுவியாச்சு" என்று எழும்புவதே இங்கு நடக்கும் பெரிய பிழை. ஒரு வாளி முடிந்தால் அடுத்த வாளி.

6. கீழிமையை இழுத்துப் பாருங்கள். சுண்ணாம்புத் துணுக்கு ஒட்டியிருந்தால் நனைத்த பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுங்கள். துணுக்கு உள்ளே இருக்கும்வரை காரம் ஊறிக்கொண்டேயிருக்கும். வராததைச் சுரண்ட வேண்டாம்.

7. 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது ஆட்டோவில் ஏற்றுங்கள். வழியிலும் ஊற்றுங்கள். பட்ட பொருளின் டப்பியை, போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள்.

"சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்குமே" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். நீற்றாத சுட்ட சுண்ணாம்புக்கு அது உண்மை. வெற்றிலைச் சுண்ணாம்பு ஏற்கனவே நீற்றியது. நீற்றாததே பட்டிருந்தாலும் கொஞ்சத் தண்ணீர்தான் சூட்டை உண்டாக்கும், நிறைய ஓடும் தண்ணீர் அந்தச் சூட்டையும் காரத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். பெரியவர்களின் பயத்திலிருந்து எடுக்க வேண்டிய பாடம், காய்ந்த கட்டியை முதலில் தட்டிவிட்டுத் தாராளமாக ஊற்றுவது. காரத்தைப் புளி சமனாக்கும் என்று தேசிக்காய்ச் சாறு விடுவது இரண்டாவது காயம்.

மரப்பாலுக்கும் இதே முறைதான். களப்போரத்தில் விறகு வெட்டுபவருக்குத் தில்லைப் பால், வேலி வெட்டுபவருக்குக் கள்ளிப் பால், பூப்பறிக்கும் பிள்ளைக்கு எருக்கலம் பால். எருக்கலம் பாலில் ஒரு சூழ்ச்சி உண்டு: பார்வை புகைமூட்டமாக மங்கும், வலியோ குறைவாக இருக்கும். வலி இல்லை என்பதை வைத்துச் சுகம் என்று முடிவு செய்யாதீர்கள்.

குத்திய கண்: ஒரு யோகட் கப் போதும்

கண்மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபட்டிருந்தால், கருமையான சதை வெளியே தெரிந்தால், வெந்நீர்போல ஏதோ வழிந்தால், இமை வெட்டுப்பட்டிருந்தால், கண் துளைபட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், சுத்தியலால் இரும்பை அடித்தபோது "சுருக்" என்று பட்டதாகச் சொன்னால் அதுவும் இதே கணக்குத்தான். சின்ன இரும்புத் துகள் கண்ணுக்குள் போய் இருந்துவிடும்.

1. இருக்க வையுங்கள், அல்லது தலையை உயர்த்திப் படுக்க வையுங்கள்.

2. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். தூண்டில் முள் என்றால் தங்கூசிக் கயிற்றை மட்டும், முள் அசையாதபடி, கத்தரிக்கலாம்.

3. கழுவிய யோகட் கப்பையோ கடதாசிக் கப்பின் அடிப்பகுதியையோ கண்ணின் மேல் கவிழ்த்து, விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் இருக்கும்படி பிளாஸ்டர் ஒட்டுங்கள். கப் கண்ணையோ முள்ளையோ தொடக்கூடாது.

4. நல்ல கண்ணால் அங்குமிங்கும் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு கண்ணும் சேர்ந்தே அசையும்.

5. சாப்பாடு, தேத்தண்ணி ஒன்றும் கொடுக்காதீர்கள். அன்றைக்கே மயக்கம் கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வரலாம். எத்தனை மணிக்குக் கடைசியாகச் சாப்பிட்டார் என்று எழுதி வையுங்கள்.

6. அஸ்பிரின் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்று கேட்டு வையுங்கள்.

பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டிக் கொண்டுபோவது அன்பினால் செய்யும் பிழை. துளைபட்ட கண்ணில் அந்த அழுத்தம் உள்ளே இருப்பதை வெளியே தள்ளும். திருக்கோவில் ஆதார வைத்தியசாலை கிட்ட. அங்கு பார்த்து, கண் பிரிவு உள்ள பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். கல்முனையோ அம்பாறையோ மட்டக்களப்போ, அனுப்பும் இடத்தைப் பற்றி வாதாடி நேரத்தைப் போக்க வேண்டாம்.

சுணை, பதர், தூசு: கழுவு, கசக்காதே, காட்டு

1. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

2. குடிக்கும் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். வாய்க்கால் தண்ணீர் வேண்டாம்; கீறலுக்குள் கிருமியைக் கொண்டுபோய் விடும்.

3. தூசு கண்ணின் வெள்ளைப் பகுதியிலோ கீழிமையிலோ தெரிந்தால் நனைத்த பஞ்சு நுனியால் தொட்டு எடுக்கலாம். கருவிழியில் ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். நாக்கால் எடுப்பது, சேலைத் தலைப்பால் எடுப்பது இரண்டும் வேண்டாம். வாயில் இருக்கும் கிருமி கருவிழிக்குப் பெரிய எதிரி.

4. தூசு போன பிறகும் உறுத்தல், கண்ணீர், வெளிச்சம் பார்க்கக் கூச்சம் இருந்தால் கீறல் இருக்கிறது என்று பொருள். பட்ட நேரத்தைக் குறித்து வைத்து, அன்று படுக்கைக்கு முன் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இரவு எட்டு மணியானாலும் விடியும்வரை வைக்காதீர்கள்.

"கீறலுக்குக் களிம்புதான் மருந்து என்றால், ஒரு குழாயை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாதா?" இந்தக் கேள்விக்குச் சுருக்கமாக மறுப்புச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், ஆகவே காரணத்தைச் சொல்கிறேன். பக்தபூரில் களிம்பைக் கொடுத்தவர்கள் கீறலை நிறச்சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்து உறுதி செய்தார்கள்; புண்ணாகிவிட்டவரை அனுப்பிவைத்தார்கள். வீட்டில் அந்தப் பிரிப்பைச் செய்ய வழியில்லை. இன்னொன்று, பாமசியில் "கண் சிவப்புக்கு" என்று கேட்டால் கையில் வரக்கூடிய மருந்து டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் கலந்ததாக இருக்கலாம். அது விட்ட அன்றே சிவப்புக் குறையும், வலி குறையும். எல்லோரும் நல்ல மருந்து என்பார்கள். கண்ணின் எதிர்ப்பை அடக்கித்தான் அது சிவப்பைக் குறைக்கிறது. பங்கசு இருந்தால் அதற்கு வழி திறந்துவிட்டதாக முடியும். கண் காயத்துக்கு வாங்கிய எந்தப் போத்தலிலும் இந்த மூன்று பெயர்களில் ஒன்றைக் கண்டால், எழுதிக் கொடுத்தது கண் வைத்தியர்தானா என்று பாருங்கள், இல்லையென்றால் விடாதீர்கள்.

வைத்தியசாலையில் கண்ணைப் பார்ப்பதற்காக விடும் மரக்கச் செய்யும் சொட்டும் அப்படித்தான். விட்டவுடன் வலி மாயமாகும், நோயாளி அதையே கேட்பார். வீட்டில் தொடர்ந்து விட்டால் கீறல் ஆறாது, கருவிழி கரையவும் தொடங்கும். வலிக்குப் பனடோல் போதும்.

தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் ஆமணக்கெண்ணெயும் காலங்காலமாகக் கண்ணுக்கு விட்டவைதானே என்பார்கள். அவற்றை விட்ட பலருக்குக் கண் சுகமானது உண்மை. சாதாரணக் கீறல் எதையும் விடாமலே ஆறும் என்பதால், சுகமானவரை வைத்து மருந்தை நிறுவ முடியாது. கீறல் திறந்திருக்கும் கண்ணில் கொதிக்காத எந்தச் சாறும் கிருமிக்கு ஊர்தி. அதைவிடப் பெரிய நட்டம், அதை விட்டுவிட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருப்பது.

கட்டுப் போடுவதா? சாதாரணக் கீறலுக்குக் கட்டுப் போட்டால் விரைவாக ஆறும் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. தாவரத் துண்டு பட்ட கண்ணை மூடிக் கட்டினால் உள்ளே வெப்பமும் ஈரமும் தேங்கிக் கிருமிக்கு வசதியாகும். வைத்தியர் கட்டியிருந்தால் மட்டும், சொன்ன நேரம்வரை வைத்திருங்கள். கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி நல்லது.

சொட்டு மருந்து விடும் முறை

கண்ணுக்குள் ஒரு சொட்டுக்கூட முழுதாக நிற்க இடமில்லை. இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும்.

1. கை கழுவுங்கள். போத்தலில் உள்ள பெயரை வெளிச்சத்தில் வாசியுங்கள். காதுச் சொட்டும் ஒட்டுப் பசையும் இதே அளவுப் போத்தலில் வருவதால், கண் மருந்தை வேறெதனோடும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

2. கலக்கி விட வேண்டியதா என்று பாருங்கள். பங்கசுக்குக் கொடுக்கும் நடாமைசின் அடியில் படியும். குலுக்காமல் விட்டால் மேலே உள்ள தண்ணீர்தான் கண்ணுக்குப் போகும்.

3. ஊளையை நனைத்த பஞ்சால் மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே தடவை துடைத்து, அந்தப் பஞ்சை எறியுங்கள்.

4. மேலே பார்க்கச் சொல்லி, கீழிமையைப் பள்ளமாக இழுத்து, ஒரு சொட்டு. போத்தல் முனை இமையையோ மயிரையோ தொடக்கூடாது.

5. மெதுவாக மூடச் சொல்லுங்கள். இறுக்கினால் வெளியே வரும். மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அமுக்குங்கள். கண் துளைபட்டவருக்கும் சத்திரசிகிச்சை செய்தவருக்கும் இந்த அமுக்கல் வைத்தியர் சொன்னால் மட்டும்.

6. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் விடுங்கள். களிம்பு கடைசி.

7. திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். சாதாரணமாக 28 நாளுக்குப் பின் மிச்சம் இருந்தாலும் எறிய வேண்டும். பெட்டியையும் தொகுதி எண்ணையும் அதுவரை வைத்திருங்கள்; இலங்கையில் 2023-இல் சத்திரசிகிச்சைக்குப் பின் விடும் ஒரு சொட்டு மருந்தால் சிலரின் கண் பாதிக்கப்பட்டபோது அந்த எண்தான் பயன்பட்டது.

கருவிழிப் புண்ணுக்கு முதல் இரண்டு நாள் மணிக்கு ஒரு தடவை, இரவிலும், விடச் சொல்வார்கள். வீட்டுப் பராமரிப்பு தோற்பது பெரும்பாலும் இந்த இரவுகளில்தான். தூங்குபவரை எழுப்ப மனம் வராது. ஒரே ஆள் முழு இரவும் விழிக்க நினைத்தால் மூன்று மணிக்குத் தூங்கிவிடுவார். இரண்டு பேராகப் பிரியுங்கள்: பத்திலிருந்து இரண்டுவரை ஒருவர், இரண்டிலிருந்து ஆறுவரை மற்றவர். தொலைபேசியில் மணிக்கு ஒரு அலாரம். ஒரு தாளில் கோடு போட்டு, விட்டவுடன் அடையாளம் வையுங்கள். கிளினிக்கில் அந்தத் தாளைக் காட்டுங்கள். மருந்து வேலை செய்யவில்லையா, விடப்படவில்லையா என்பதை வைத்தியர் அதைப் பார்த்தே அறிவார்.

தினமும் காலையில் ஒரே இடத்தில் இருத்தி, நல்ல கண்ணைக் கையால் மூடி, சுவர்க் கலண்டரின் இலக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். நேற்று வாசித்ததை இன்று வாசிக்க முடியவில்லை என்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். வலி கூடுவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, அதன் பின்னால் அடியில் வெள்ளைச் சீழ் மட்டம், விளக்கைச் சுற்றி நிற வட்டத்தோடு தலையிடியும் சத்தியும், பார்வையில் திரை விழுந்தாற்போல ஒரு பக்கம் மறைவது: இவற்றில் எது வந்தாலும் அந்த நேரமே புறப்படுங்கள்.

நோன்பு, தொழுகை, தீர்த்தம்

நோன்பு மாதத்தில் பகல் சொட்டை நிறுத்திவிட்டு இரவில் சேர்த்து விடுவது அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்து வீடுகளில் எழும் எண்ணம். சேர்த்து விட்டால் மேலே சொன்னபடி கன்னத்துக்குத்தான் போகும். பகல் முழுதும் கண் மருந்தின்றி இருக்கும். கண்ணில் விடும் மருந்து நோன்பை முறிக்காது என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. மனம் ஆறாவிட்டால் மருந்தை நிறுத்துமுன் மௌலவியிடம் கேளுங்கள், நிறுத்திய பின் அல்ல. மூக்கோரத்தை அமுக்கினால் தொண்டையில் கசப்பு இறங்குவதும் குறையும். வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்தவர் சுஜூதுக்குக் குனிவதை வைத்தியர் சொல்லும் நாள்வரை தவிர்த்து, கதிரையில் இருந்து தொழலாம். உளூச் செய்யும்போது அந்தக் கண்ணில் தண்ணீர் படுவது பற்றியும் அதே மௌலவியிடம் கேட்டு வையுங்கள்.

திருக்கோவில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கும் இதே ஒழுங்குதான். புண் ஆறாத கண்ணோடும் சத்திரசிகிச்சை செய்த கண்ணோடும் கடலில் முழுக வேண்டாம். கரையில் நின்று கழுத்துக்குக் கீழே தெளித்துக்கொள்ளலாம்.

அம்மாள் வருத்தம் கண்ட பிள்ளைக்கு வேப்பிலை கட்டி, கண்ணகி அம்மன் கோவில் குளிர்த்திக்கு நேர்ந்துகொள்வதில் கண்ணுக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. வேப்பிலைச் சாறு கண்ணுக்குள் போகக் கூடாது, அவ்வளவே. சின்னமுத்து வந்த பிள்ளை கண்ணைத் திறக்க மறுத்தால் அதை நோயின் வழக்கம் என்று விடாதீர்கள்; கருவிழி கெடலாம், விற்றமின் ஏ தேவைப்படலாம். நெற்றியில் அக்கி வந்து மூக்கு நுனிவரை கொப்புளம் இறங்கினால் கண்ணும் பாதிக்கப்படக்கூடும் என்பதற்கு அது அடையாளம், அன்றே காட்டுங்கள்.

ஊரெல்லாம் வரும் கண்ணோய்க்குத் தனித் துவாய், தனித் தலையணை உறை, கை கழுவுதல் போதும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் ஆறும். பார்வை மங்கினால் அது வெறும் கண்ணோய் இல்லை.

கண்ணாடியைப் பற்றி

வெட்டுக்குப் போகும்போது பக்கமும் மூடிய பிளாஸ்டிக் காப்புக் கண்ணாடி போடச் சொன்னால், வேர்வையில் மங்குகிறது, இறங்கி ஏறத் தெரியவில்லை என்பார்கள். அது சாக்குப்போக்கு அல்ல. மாசி வெயிலில் மங்கத்தான் செய்யும். நாள் முழுதும் போடச் சொல்லித் தோற்பதைவிட, நேரத்தைக் குறுக்கிக் கேளுங்கள்: மெசின் வாயில் நெல் கொட்டும்போது, பதர் தூற்றும்போது, வைக்கோலைத் தலைக்கு மேல் தூக்கும்போது. உள்பக்கத்தில் ஒரு சொட்டுச் சவர்க்காரத்தைத் தடவித் துடைத்தால் மங்கல் கொஞ்ச நேரம் பிந்தும். கண்ணாடியை வாடியின் கூரையில் தொங்கவிடாமல், அவர் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கூடவே ஒரு லீற்றர் குடிதண்ணீர்ப் போத்தலைக் கண்ணுக்கென்று வாடியில் தனியாக வைத்து, மூடியில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். யாரும் எடுத்துக் குடிக்காமல் இருக்க அதுவே வழி.